எளிமைக்கு ஒரு குதிரை போதும்

மனிதர்களில் எளிமை விரும்பி என்றொரு ரகம் உண்டு. ஏழைகளுக்கு இந்த வியாதி வருவதில்லை. வேளாவேளைக்கு வறுத்த மாட்டிறைச்சி சாப்பிட்டு, நாலு அறையில் கணப்பு மூட்டி வாழ்கிறவருக்குத்தான், திடீரென்று ஒரு நாள், நாடோடி போல வண்டியிலேயே குடியிருந்து ஊர் ஊராகச் சுற்றினால் என்ன என்று தோன்றும்.

மோட்டார் வராத காலத்தில், இங்கிலாந்தில் டெவன்ஷயரின் ஆகஸ்டஸ் பிம்லாட் துரைக்கு அப்படித் தோன்றியது. உடனே ஒரு வண்டிவீடு செய்யச் சொன்னார். எளிமையானதுதான். மகோகனி மரச் சுவர், புத்தக அலமாரி, வெள்ளித் தேநீர்க் கோப்பைகள், தகரக் குளியல் தொட்டி, மாலையில் மனம் உருக மேசையளவு ஓர் ஆர்மோனியம். மொத்தம் இரண்டு டன்.

வண்டிக்காரர் டக்கெட் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஜூனோ என்ற பெண் குதிரையைக் குட்டியிலிருந்து வளர்த்தவர் அவர்.

"ரெண்டு குதிரை வேணும் தொரை. ஜூனோ ஒண்டியா இழுத்தா மேட்டுல உசிரை விட்டுருவா."

"நாம எளிமையா வாழப் போறோம்பா! ஒண்ணு போதும்."

மூன்றாம் நாளே மேடு வந்தது. மேட்டில் எல்லோரும் இறங்கி நடப்பதுதான் வழக்கம். டக்கெட் இறங்கினார். துரையின் மனைவி ஹென்ரியெட்டா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள். துரை?

"கொஞ்சம் இறங்குனீங்கன்னா, தொரை..."

"இப்பவா? 'சுமையற்ற வாழ்வு'ன்னு அத்தியாயம் எழுதிக்கிட்டிருக்கேன்!"

பாதி மேட்டில் ஜூனோவின் முன்னங்கால்கள் மடங்கின. வாயில் நுரை. டக்கெட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார், குதிரையை அவிழ்த்தார். ஹென்ரியெட்டா கடிவாளத்தை வாங்கி, ஜூனோவை ஓடைப் பக்கம் நடத்திப் போனாள்.

அரை மணி கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பாத்தியா டக்கெட்! மேடு ஏறுறதே தெரியல. சும்மா பயந்தியே!"

"வண்டி நின்னு அரை மணியாச்சு தொரை. ஒண்ணு ஆர்மோனியத்தோட நீங்க இறங்கணும், இல்லாட்டி வேற வண்டிக்காரனைப் பாத்துக்கணும்."

"யார்கிட்ட பேசறே தெரியுதா?"

"அவன் போனா நானும் போறேன், ஆகஸ்டஸ்," என்றாள் திரும்பி வந்த ஹென்ரியெட்டா.

ஆர்மோனியம் ஒரு பண்ணை வீட்டில் தங்கியது. துரை நடந்தார். உச்சிக்குப் போனபோது ஜூனோவைவிட அவருக்குத்தான் அதிகம் மூச்சு இளைத்தது.

அடுத்த ஆண்டு அவர் புத்தகம் வந்தது. ஹென்ரியெட்டா லாயத்துக்கே போய் ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினாள். "மேடு வந்தால் முதலில் இறங்குவது நான்தான். வாயில்லாப் பிராணியின் வலி இந்த வண்டிக்காரர்களுக்கு எங்கே புரிகிறது?"

"போதும்மா," என்று டக்கெட் ஜூனோவுக்குத் தீனி வைக்கப் போய்விட்டார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். போன விடுமுறையில் ஒரு வசதியும் இல்லாமல், சும்மா எளிமையாக, மலைமேல் நாலு நாள் கூடாரத்தில் இருந்துவிட்டு வந்ததாகச் சொன்னீர்களே, அங்கே உங்களுக்கு வெந்நீர் சுமந்து வந்தவர் பெயர் என்ன?