களைக்காமல் படித்த மாப்பிள்ளை

மனித குலம் களைப்பை வென்ற வரலாற்றை எவராவது எழுதப் புறப்பட்டால், அவர் லண்டனுக்கோ மொஸ்கோவுக்கோ போய் நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. கல்முனைக்குடி கடற்கரை வீதியில் இறங்கி, உர வியாபாரி ஜவுபர் ஹாஜியாரின் மருமகன் வீடு எது என்று கேட்டால் போதும். தொண்ணூற்றாறாம் ஆண்டில் அந்த 'விஞ்ஞானப் புரட்சி' நடந்தது அங்கேதான். நடத்தியவர் டொக்டர் ஸாஜித்.

'டொக்டர்' என்பதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. உக்ரேனில் படித்துப் பட்டம் வாங்கியாயிற்று. ஆனால் வெளிநாட்டில் படித்தவர்கள் கொழும்பில் இன்னொரு பரீட்சை பாஸ் பண்ணினால்தான் இந்த நாட்டில் நாடி பிடிக்க அனுமதி. முதல் தடவை ஸாஜித் வெறி பிடித்தவர்போல் படித்தார். சோற்றை மறந்தார், தூக்கத்தை மறந்தார். பரீட்சை மண்டபத்தில் பேனையைத் திறந்ததும், இரண்டாவதாக மறந்தது ஞாபகம் வந்துவிட்டது. விடைத்தாளின் மேலேயே தூங்கினார். எழுப்பியவர், தாளை வாங்க வந்த அதிகாரி.

மாமனார் அதிகம் பேசவில்லை. மகளுக்கு அவர் கட்டிக்கொடுத்த வீட்டின் முன்னறை, மருமகனின் டிஸ்பென்சரிக்காகக் காத்துக் கிடந்தது. பெயர்ப்பலகைகூட எழுதி, சாக்கால் சுற்றி, சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அதைப் பார்த்தபடி ஒரு வசனம் மட்டும் சொன்னார்:

"இந்தமுறையும் பெயிலானா மருமகன், நான் இந்த அறைக்குள்ள யூரியா அடுக்கிருவன்."

பெண் வீட்டில் குடியிருக்கும் மாப்பிள்ளை எதையும் தாங்கலாம். யூரியா மூட்டைக்கு இடம் விட்டுக்கொடுத்த டொக்டர் என்ற பெயரைத் தாங்க முடியாது.

ஆகவே ஸாஜித் சிந்தித்தார். அவருடைய வாப்பா காலிதீன், சாகாமத்துப் பக்கம் வட்டவிதானை. குளத்துத் தண்ணீரை வயல் வயலாக முறை வைத்துத் திறந்து, முறை வைத்து அடைப்பவர். மொத்தமாகத் திறந்தால் வரம்பு உடையும். அளந்து விட்டால் கதிர் வரும். மூளையும் ஒரு வயல்தானே? அன்றே 'முறைத் தண்ணீர்ப் படிப்பு' பிறந்தது.

நெற்போகத்துக்கு முன் விவசாயிகள் கூடித் தீர்மானிப்பதுபோல, சாப்பாட்டு மேசையில் கூட்டம் கூடியது. தலைமை ஸாஜித். சபையில் மாமனார், மாமி ஹாஜறா, பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் மனைவி றுக்ஸானா. இதயத்துக்கு ஒரு முறை படிப்பு, பிறகு அடைப்பு, அடைப்பில் தூக்கம். ஈரலுக்கு ஒரு முறை, பிறகு அடைப்பு, அடைப்பில் கடற்கரைக் காற்று. சிறுநீரகம் சின்ன உறுப்பு என்பதால் அதற்கு அரை முறை போதும் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

"அடைப்பு நேரத்துல ஒருத்தரும் சத்தம் போடப்படா," என்று தலைவர் விளக்கினார். "மூளைக்குள்ள தண்ணி சுவறணும்."

"அப்ப மா இடிக்கிற?" என்று கேட்டார் மாமி.

"பக்கத்து வீட்டுல இடிங்க மாமி."

"கோழி?"

கோழி விவகாரம் றுக்ஸானாவிடம் பாரப்படுத்தப்பட்டது.

அதன் பின் அவளிடம் பாரப்படுத்தப்பட்ட விவகாரங்கள் பெருகின. காகம் துரத்தல். மின்சாரம் நின்றால் விசிறல். விருந்தாளிகளை வாசலிலேயே மரியாதையாகத் திருப்பி அனுப்பல். கண்ணுக்கும் ஓய்வு தேவை என்ற இரண்டாவது கண்டுபிடிப்பு வெளியானதும், அவருடைய தடித்த ஆங்கில மருத்துவப் புத்தகத்தை உரக்க வாசிப்பதும் அவள் இலாகாவில் சேர்ந்தது. பாடசாலை விட்டு வந்து, கறி வைத்து, கொப்பி திருத்தி, அவள் வாசித்தாள். ஸாஜித் கண்ணை மூடிச் 'சுவறவிட்டார்'. இடையிடையே குறட்டை வந்தது. அது அறிவு ஆழமாக இறங்கும் ஓசை என்று கொள்ள வேண்டும்.

பலன் கண்கூடு. கன்னம் உப்பியது. முகம் பளபளத்தது. படிக்கிற ஆள் மாதிரியே இல்லை என்று கடைத்தெருவில் பாராட்டினார்கள். ஸாஜித் அதை அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்.

பரீட்சை நெருங்கிய வேளை, நுரையீரல் பாடத்தில் வாசிப்பு பாதி வசனத்தில் நின்றது. அடைப்பு நேரம் இன்னும் வரவில்லையே என்று கண்ணைத் திறந்தார். றுக்ஸானா கதிரையிலிருந்து சரிந்து நிலத்தில் கிடந்தாள்.

மாமி ஓடி வந்து தண்ணீர் தெளித்தார். ஸாஜித் நாடி பார்த்தார். கீழிமையை இழுத்துப் பார்த்தார், வெளிறியிருந்தது. பிறகு கம்பீரமாக அறிவித்தார்:

"பயப்பட ஒண்டுமில்ல. ஓய்வு காணாது, நல்லாத் தூங்கினாச் சரி."

றுக்ஸானா கண்ணைத் திறந்தாள். "ஒண்டும் கேக்காமலே மருந்து சொல்லுறீங்களே மச்சான். புத்தகத்துல அப்பிடி இல்ல. எப்ப தூங்கின, எப்ப சாப்பிட்ட எண்டு முதல்ல கேக்கணும். வீட்டு வேலைய ஆரு பாக்கிற எண்டும் கேக்கணும்."

"அது எந்தப் பாடத்துல?"

"நீங்க குறட்டை விட்ட பாடத்துல."

அவள் விடவில்லை. "ஒங்கட வாப்பா ஒரு வாய்க்கால அடைச்சா தண்ணி இல்லாமயா போகுது? அடுத்த வயலுக்குத்தானே பாயிது. நீங்க ஒங்கட களைப்ப அடைச்சு வெச்சீங்க. அது எங்க போகும்?"

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

எஞ்சிய நாட்களில் காகமும் கோழியும் டொக்டரை முதல் தடவையாக நேரில் சந்தித்தன. அவர் சோறு வடித்தார்; அடி பிடித்தது. புத்தகத்தைத் தாமே வாசித்தார். குறட்டையில் நழுவிப்போன பக்கங்கள் ஏராளம் என்று கண்டார். அந்தக் களைப்போடேயே கொழும்பு பஸ் ஏறினார்.

எழுத்துப் பரீட்சை ஒருவாறு கரை சேர்ந்தது. வாய்மொழிப் பரீட்சையில் ஒரு பேராசிரியர், ஆங்கிலத்தில், ஒரு நோயாளியை வர்ணித்தார். இளம் பெண், ஆசிரியை, மயங்கி விழுந்திருக்கிறார், இமை வெளிறியிருக்கிறது. என்ன செய்வீர்கள்?

'ஓய்வு' என்று சொல்ல வாயெடுத்த ஸாஜித் மூடிக்கொண்டார். பிறகு கேள்விகளைத் தொடங்கினார். அவர் எப்போது தூங்குகிறார்? வீட்டில் யாருக்காக விழித்திருக்கிறார்? எல்லாரும் சாப்பிட்ட பின் சட்டியில் அவருக்கு என்ன மிஞ்சுகிறது? அதன் பின் இரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து என்று ஒவ்வொன்றாக வந்தன, எல்லாம் அவர் காதுக்குள் றுக்ஸானாவின் குரலிலேயே.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். இவ்வளவு நுணுக்கமாக எந்த ஆஸ்பத்திரியில் கற்றீர்கள் என்று கேட்டார்.

"வீட்டில், சேர்."

"நோயாளி?"

"என் மனைவி."

"நோய்க்குக் காரணம்?"

சாக்குச் சுற்றிய பெயர்ப்பலகை ஸாஜித்தின் கண்முன் வந்து நின்றது.

"நான்தான், சேர்."

"சரியான விடை," என்று சொல்லிப் பேராசிரியர் புள்ளி போட்டார்.