தெரியுதா? தெரியும்!

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார், தேட வேண்டாம், தானே வந்து நிற்பார். பெயர்: தெரியும்காரர். கேள்வி முடியுமுன்பே ‘தெரியும்’ என்பார். இந்த இனம் கம்ப்யூட்டர் பக்கத்தில்தான் கொழுத்து வளர்கிறது, அதிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் என்றால் கேட்கவே வேண்டாம். (லினக்ஸைக் குறை சொல்லவில்லை. எனக்கு அது உயிர்!)

என் அக்கா வீட்டுக்காரரையே எடுத்துக்கொள்ளுங்களேன். அக்கா சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். அவள் லேப்டாப்பில் மாமா ஆசை ஆசையாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். மறுநாளே சோதனை, நானும் அங்கேதான் இருந்தேன். ஒரு வருஷம் உட்கார்ந்து வரைந்த திமிங்கிலக் கதைப் படங்களைப் பதிப்பகத்துக்கு அனுப்பக் கடைசி நாள். படங்கள் மொத்தமும் வெளி ஹார்ட் டிஸ்கில். மேசைமேல் கிடந்த வயரை எடுத்து டிஸ்கைச் செருகினாள். டிஸ்கில் நீல விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை.

“என்னங்க, டிஸ்க் தெரியல.”

“தெரியும்.”

“தெரியலங்கறேன்!”

“ஏன் தெரியலன்னு எனக்குத் தெரியும். நீ தள்ளு.”

இனி சடங்கு. விரல்களில் சொடக்கு எடுத்து, கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, எழுத்துகள் அடைமழையாகக் கொட்டக் கொட்ட, எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர் மாதிரி “ம்ம்… நெனச்சேன்” என்று தலையாட்டி, முதலில் டிரைவர் மென்பொருள்மேல் பழி, பிறகு லினக்ஸின் அடிமடியான கெர்னல்மேல், பிறகு டிஸ்க் செய்தவன்மேல், கடைசியில் திமிங்கிலத்தின்மேலேயே: “இவ்ளோ பெரிசா வரையாதேன்னா கேக்கறியா?”

லினக்ஸ் பாவம், நேர்மையானது. எதைச் செருகினாலும் ‘இன்னார் வந்திருக்கிறார்’ என்று ஒரு வரி எழுதிவைக்கும். எழுதவே இல்லையா? அப்படியானால் வரவே இல்லை, வரும் வழியைப் பார் என்று அர்த்தம். மாமா அந்த இல்லாத வரியைத் தவிர எல்லாவற்றையும் படித்தார்.

“வயரைக் கொஞ்சம் பாக்கட்டுமா?” அக்கா கையை நீட்டினாள்.

“தொடாதே! விளக்கு எரியுதுல்ல? வயர் நல்லாத்தான் இருக்கு. எனக்குத் தெரியும்.”

பதிப்பகத்திலிருந்து ஃபோன். “சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா வேற ஆள் பாத்துக்கறோம்மா.”

அக்கா ஃபோனை வைத்தாள். கண் நிறைந்தது. மாமா அதைப் பார்த்தார். கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். தொண்டையைச் செருமினார்.

“எனக்கு… தெரியலம்மா.”

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்துவிட்டது! கல்யாணமான நாள்முதல் அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. அக்கா சட்டென்று வயரைப் பிடுங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

“ஐயோ, இது உங்க தாடி டிரிம்மர் வயருங்க! இதுல கரண்ட் மட்டுந்தான் போகும்!”

அலமாரியைக் குடைந்து டிஸ்கின் சொந்த வயரை எடுத்துச் செருகினோம். வந்துவிட்டன திமிங்கிலங்கள், வரிசையாக, வாலைத் தூக்கிக்கொண்டு! அக்கா அனுப்பிவிட்டு அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள்.

மாமா? “நெனச்சேன்” என்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நீல விளக்கு எரிந்தபோதே, “வயர்தான், எனக்கு அப்பவே தெரியும்” என்று உங்களுக்குள்ளே ஒரு குரல் கேட்டதே, அது யாருடையது?