பத்தொன்பது நாள் திருட்டுப் படகு

எருமை மாட்டுக்கு வழிவிட்டு, அதை நேரத்தோடு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்ட மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரைச் செராங்கு என்போம். இழுவைப் படகு ஓட்டுகிறவருக்கு அந்தத் தொழிலில் வழங்கும் பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அவர் கதைக்கு முன் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பார்ஜ் என்றால் தண்ணீரில் போகும் டிரெய்லர் என்றே நான் நம்பியிருந்தேன். என்னைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இருபது வருடமாக ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே, கார் ஏற்றிப் போகும் டிரெய்லர்களுக்கு எஃப்சி, பர்மிட், இன்ஷூரன்ஸ் என்று ஓடித் தேய்ந்தவன். கனவில்கூட எனக்கு நம்பர் பிளேட்தான் வரும். எங்கள் முதலாளி திடீரென்று பிள்ளைப்பாக்கம் தாண்டி ஓர் ஏரியைத் தூர்வாரும் வேலையை எடுத்தார். வாரிய சேற்றைச் சுமக்கத் தட்டையாக ஒரு பார்ஜ், அதைக் கயிறு கட்டி இழுக்க ஒரு சின்னப் படகு. "பேப்பர் வேலை மொத்தமும் உன் தலையில" என்றார். நான் உடனே பார்ஜின் பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டினேன். 'ஒலி எழுப்பவும்', 'வேகம் 40 கி.மீ.' என்று பெயிண்ட் அடிக்கவைத்தேன். எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கவிட்டேன்.

தூத்துக்குடியிலிருந்து செராங்கு வந்து இறங்கினார். அறுபதை நெருங்கிய வயது, சலவைச் சட்டை, பையில் இரண்டு பேனா. பார்ஜை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இது என்னவே, நாப்பது?"

"ஸ்பீடுண்ணே. ரூல்ஸ்."

"இந்தப் படகு முக்கி முனகினா மணிக்கு அஞ்சு கிலோமீட்டர் போவும். மிச்ச முப்பத்தஞ்சுக்கு நீரு இறங்கித் தள்ளுவீரா?"

"இல்லண்ணே, எஃப்சிக்கு..."

"படகுக்கா? யார்ட்ட கேட்டீரு?"

"நமக்குத் தெரிஞ்ச புரோக்கர்தான். வண்டிய நேர்ல இட்டாந்து காட்டச் சொன்னான்."

செராங்கு சிரிக்கவில்லை. ஒரு சுரண்டியை என் கையில் கொடுத்து, நான் பெயிண்டைச் சுரண்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பாடம் நடத்தினார். உள்நாட்டு நீரில் ஓடும் கலங்களுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. படகைப் பதிவு செய்ய வேண்டும், சர்வேயர் வந்து பார்க்க வேண்டும், ஓட்டுகிறவனிடம் தகுதிச் சான்றிதழ் இருக்க வேண்டும், இழுக்கிற படகுக்கு விளக்கு இப்படி, சங்கு அப்படி. எதிரில் வேறு படகே இல்லாத ஏரியில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டுவிட்டேன். "எதிர்ல எவனும் இல்லைங்கதுக்காக வேட்டிய அவுத்துப் போட்டு நடப்பீரா?" என்றார்.

ஜனவரிப் பனியில் கரை தெரியாவிட்டால் ஒரு நீளம், இரண்டு குட்டை என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சங்கு ஊதுவார். விதி அப்படி. ஏரிக்கரை ஹாஸ்டலில் தங்கியிருந்த கம்பெனித் தொழிலாளிகள், ஷிஃப்ட் சங்கு என்று நினைத்துப் பாதி மழித்த தாடையோடு பஸ்ஸுக்கு ஓடினார்கள். முதல் வாரம் திட்டினார்கள். அடுத்த வாரம் எல்லோரும் செல்போன் அலாரத்தை அணைத்துவிட்டார்கள். படப்பை ஷேர் ஆட்டோக்காரர்கள் செராங்கு ஊதினால்தான் வண்டியையே கிளப்புவார்கள் என்று பேச்சு. பேச்சைக் கிளப்பியவன் நான்தான்.

அப்புறம் எருமைகள். ஒரு நாள் பதினாலு எருமை ஏரிக்குள் இறங்கி, படகுக்குக் குறுக்கே நின்று அசைபோட்டன. செராங்கு இன்ஜினைத் தணித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சங்கு ஊதுங்கண்ணே!"

"கட்டுப்பாட்டுல இல்லாத கலத்துக்கு நாமதான் வழிவிடணும்."

"அது கலம் இல்லண்ணே, எரும!"

"கட்டுப்பாட்டுல இருக்கா?"

எருமைக்காரம்மா கரையிலிருந்து கத்தினாள்: "இன்னா சார், மாட்டப் பாத்து பயந்துகினு குந்திகினு கீற? அடிச்சித் தொரத்து!" செராங்கு எழுந்து, அந்த அம்மாளுக்கு வணக்கம் வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். அரை மணி நேரம். பதிவேட்டில் எழுதினார்: 'குறுக்கே பதினான்கு. வழிவிடப்பட்டது.'

இப்போது என் பயத்துக்கு வருகிறேன். செராங்கின் தகுதிச் சான்றிதழ் காலாவதியாகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் முன்பே, கண் பரிசோதனைச் சீட்டோடு புதுப்பிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டார். லாரி லைசன்ஸ் மாதிரி தேதி முடிந்த பிறகும் கொஞ்ச நாள் சலுகை இருக்கும் என்று நான் மேஜை இழுப்பறையில் போட்டு வைத்தேன். கேட்டபோதெல்லாம், "ஆயிடுச்சுண்ணே, ஃபைல்ல கீது" என்றேன். சலுகை கிலுகை ஒன்றும் கிடையாது என்று சர்வேயர் வரும் அன்று காலையில்தான் தெரிந்தது. தேதி முடிந்து பத்தொன்பது நாள். படகு நின்றால் வேலை நிற்கும். மழைக்குள் வேலை முடியாவிட்டால் ஒப்பந்தம் ரத்து. ஒப்பந்தம் ரத்தானால் முதலாளி முதலில் ரத்து செய்வது என்னைத்தான்.

பழைய சான்றிதழை ஃபைலின் நட்டநடுவில் சொருகி, படகில் ஏறினேன். ஏரி நடுவில் சர்வேயர் ஃபைலைப் புரட்டினார். நான் இளநீரை நீட்டினேன், வானிலை பேசினேன், தூரத்துக் கொக்கைக் காட்டினேன். மனிதர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேவிட்டார்.

"என் சான்றிதழப் பாக்கலியே சார்," என்றார் செராங்கு, பெருமையோடு. "புதுசு வந்திருக்கு. எடுத்துக் காட்டும்வே."

எடுத்துக் காட்டினேன். வேறு என்ன செய்வது? செராங்கு தேதியைப் படித்தார். இன்ஜினை நிறுத்தினார். நங்கூரத்தைப் போட்டார். பதிவேட்டில் ஒரு வரி எழுதி, சான்றிதழை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பத்தொம்பது நாளா என்னய திருட்டுப் படகு ஓட்ட வச்சிட்டீரே," என்றார். குரல் உயரவே இல்லை. திட்டியிருக்கலாம்.

"சரி, கரைக்கு விடுங்க. பேசிக்கலாம்," என்றார் சர்வேயர்.

"எப்பிடி சார் ஓட்டுவேன்? செல்லாத ஆளு நான். நீங்க அனுமதின்னு எழுதிக் குடுங்க, ஓட்டுதேன்."

"அப்படி எழுத எனக்கு அதிகாரம் இல்லியே."

"அப்ப இருப்போம்."

இருந்தோம். வெயில் ஏறியது. நடு ஏரி, நீச்சல் தெரியாத நான், சட்டம் தெரிந்த இரண்டு பேர். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடலாம் என்று, வியர்வையில் நனைந்த லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுச் சிக்னல் தேடிப் படகின் விளிம்புக்குப் போனேன். கால் வழுக்கியது. தண்ணீருக்குள் விழுந்து, சேற்றை விழுங்கி, "வூட்ல சொல்லிடுங்க! பீரோ சாவி..." என்று அலறினேன். தலைக்கு மேல் ஏதோ பெரிதாக வந்து விழுந்தது. செராங்கு. செருப்போடு, பையில் சான்றிதழோடு, லைஃப் ஜாக்கெட்டைக் கொக்கியில் விட்டுவிட்டுக் குதித்திருந்தார். என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

"சார், எழுந்து நில்லுங்க," என்றார் சர்வேயர், மேலேயிருந்து, அமைதியாக.

நின்றேன். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது.

மூன்று பேரும் நடந்தே கரை சேர்ந்தோம். கூழாகிப்போன சான்றிதழுக்குப் பதில் புதிது வாங்கிவரப் பதினோரு நாள் அலைந்தேன். அத்தனை நாளும் படகு நங்கூரத்தில் நின்றது. வேலை மழைக்கு இரண்டு நாள் முன்னால் முடிந்தது. என் நாற்காலி தப்பியது. நான் விழுந்த இடத்தில் ஆழம் மூன்றடி என்று அன்று காலைதான் மூங்கில் போட்டு அளந்திருந்தார்கள். அளந்தவர் செராங்குதான்.