செங்கோடு காத்த படலம்

வாழ்க அவன் வலக்கை! வாழ்க அக்கையின் கட்டைவிரல்! நாற்பது மீட்டர் நீண்டு நிற்கும் வானூர்தியின் விலாவில், சன்னல் வரிசைக்குக் கீழே, அளவுகோல் தொடாமல், நூல் பிடிக்காமல், சாரத்தின்மேல் நடந்தபடியே மூக்கு முதல் வால் வரை மாஸ்கிங் டேப் ஒட்டவல்ல பெருந்தகை. பத்தொன்பதாண்டு பெயிண்ட் கொட்டகையில் வாடை பிடித்துத் தேறிய பேராண்மையோன். கூட்டாளிகளால் 'டேப்பு' என்றே விளிக்கப்பெற்ற நம் தலைவன் வாழ்க! அவன் ஒட்டிய இரு டேப்புகளின் நடுவே சிவப்பு பாயும். டேப்பை உரித்தால் நெளிவு சுளிவற்ற செங்கோடு ஒன்று பிறக்கும். சும்மா சொல்லக்கூடாது, அது அழகாகத்தான் இருக்கும்.

அத்தகைய கோட்டுக்குத்தான் விமானக் கம்பெனி நாள் குறித்தது. இனி உடல் முழுதும் வெள்ளை, வாலில் மட்டும் நீலச் சுருள் என்று ஓலை வந்தது. படித்த நம் தலைவனின் நெஞ்சில் யாரோ டேப்பை ஒட்டிப் பிடுங்கியது போலிருந்தது. அன்று அவன் டீயைத் தொடவில்லை.

எதிரி வெளியிலிருந்து வரவில்லை. ஸ்பிரே கன் ஏந்திய செருக்களத்து வீரன், பல்லாண்டாக அக்கோட்டுக்குச் செந்நிறம் ஊட்டியவன், தலைவனின் சொந்த மச்சினன், புதுக் கோலமே பாங்கானது, வேலையும் பாதி மிச்சம் என்று சாப்பாட்டு அறையில் முரசறைந்தான். பதினொரு நாள் மூண்டது போர். பாலீஷ் போடுவோர் இப்பக்கம் அணிவகுக்க, பெயிண்ட் கலக்குவோர் அப்பக்கம் திரள, உடுப்பு மாற்றும் அறையிலும் பஸ் நிறுத்தத்திலும் அமளி ஓயவில்லை. ஞாயிறன்று சாப்பாட்டு மேசைக்கே படை வந்தபோது, ஒருவனுக்கு மனைவியும் மற்றவனுக்கு அக்காவுமான அந்த நடுநிலை அரசி, குழம்புக் கரண்டியை ஓங்கி ஆணையிட்டாள்.

"ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு வேலையப் பாருங்க."

அதை மட்டும் இருவரும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள். புதுக் கோலத்தின் முதல் விமானம் வெள்ளைவெளேரென்று நின்றது. வால் வேலை மட்டுமே பாக்கி. கம்பெனி அதிகாரி நாலு மணிக்குப் பார்க்க வருகிறார். மற்றவர் தாமதமாகச் சாப்பிடப் போயிருக்க, மூக்குப் பக்கச் சாரத்தின்மேல் கிடந்த தத்தம் கருவிகளை எடுக்க வந்த மாமனும் மச்சினனும் அங்கேயே மோதினர். முகமூடிக்குள்ளிருந்து தலைவன் இடிமுழக்கம் செய்தான்.

"வெறும் வெள்ளையா வுட்டா அது விமானமா மாப்ள? ஃப்ரிட்ஜு."

"ஃப்ரிட்ஜுக்கு என்ன கொறச்சல் மாமா? பளிச்சுன்னு இல்ல?"

சொல் சொல்லோடு மோதியது. பயணியின் கண்ணுக்கு எது இதம், மேகத்தில் எது தெரியும், அழுக்கு எதில் ஒட்டும் என்று வாதம் வளர வளர, மாமன் முன்னே நடந்தான், மச்சினன் பின்னே நடந்தான். விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. அவ்வாறே வாலை அடைந்து, கடைசிச் சொல் யாருடையது என்பதற்காக ஒரே நேரத்தில் திரும்பியபோதுதான் இருவரும் அதைக் கண்டனர்.

மூக்கு முதல் வால் வரை செங்கோடு ஓடிக்கொண்டிருந்தது. வாய் வழக்காடிய அந்நேரமெல்லாம் பத்தொன்பதாண்டுப் பழக்கத்தில் ஒருவன் கை டேப் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது; புதுக் கோலத்தைப் புகழ்ந்துகொண்டே மற்றவன் கை பழைய சிவப்பு டப்பாவைத் தேடியெடுத்துக் கலக்கி அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு நூலிழை பிசகில்லை. தலைவன் வால் முனையில் டேப்பை மெல்ல உரித்தான். இனி இப்படியொன்றைப் பார்க்கப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

மச்சினன் முகமூடியைக் கழற்றினான். கோட்டின் வழியே மூக்கு வரை கண்ணோட்டினான்.

"நல்லாத்தான் இருக்கு மாமா."

மூன்றேகால் ஆகியிருந்தது. கீழே சூப்பர்வைசரின் பூட்ஸ் சத்தம், ஊழிக்காலப் பறையென, படிப்படியாக ஏறி வந்தது.

ரெண்டு பேரும் பழந்துணியைப் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்துத் துடைக்க ஆரம்பித்தார்கள்.