சென்டம் சார் வாங்கிய சைபர்

தூக்கத்தில் சைபர் வாங்கிவிட்டு மறுகூட்டல் கேட்ட மனிதர் திண்டிவனத்தில் ஒருவர்தான். எங்கள் பக்கத்து வீட்டு சென்டம் சார்.

கணக்கு டியூஷன் எடுப்பவர். எந்தப் பையனைப் பார்த்தாலும் "சென்டம் எடுக்கணும்" என்பார். அதுவே பெயராகிவிட்டது. உலகத்தில் எல்லாமே அவருக்குப் பரீட்சை. ஒருமுறை விழுப்புரத்துக்குக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். வரிசையில் முன்னால் நின்ற ஏழு பேர் படித்ததைக் கேட்டே பலகையிலிருந்த எழுத்துகளை மனப்பாடம் செய்துவிட்டார். முறை வந்ததும் கடகடவென்று ஒப்பித்தார். கண்ணாடி தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நேராகப் போய்த் திண்டிவனம் பஸ் என்று திருவண்ணாமலை பஸ்ஸில் உட்கார்ந்தார். நான்தான் இழுத்து இறக்கினேன்.

போன வருஷம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அடைப்பு தொண்ணூறு சதவீதம் என்றாராம் டாக்டர். "பத்து எங்க போச்சு?" என்றாராம் இவர்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முதியவர்களின் தூக்கத்தை அளக்க மருத்துவ மாணவி ஒருத்தி வந்தாள். அளப்பதற்குக் கருவி எதுவுமில்லை, கேள்வித்தாள்தான். அந்த வார்த்தையைக் கேட்டதும் சார் சட்டையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த வீட்டு முதியவன் என்பதால் நானும் அங்கே இருந்தேன், எனக்கும் ஒரு தாள் இருந்தது.

"படுத்து எவ்ளோ நேரத்துல தூக்கம் வரும் சார்?"

"தலகாணில தல பட்றதுக்குள்ள."

"நடுவுல முழிப்பு வருமா?"

"எதுக்கும்மா வரணும்?"

எல்லாவற்றுக்கும் அப்படியே பதில். அடுத்து அவர் மனைவி சரோஜாம்மா ஏதோ முணுமுணுப்பாகச் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். கூட்டிப் பார்த்தாள். சார் எட்டிப் பார்த்தார். அவருக்கு சைபர். சரோஜாம்மாவுக்குப் பதினாறு.

"இன்னாம்மா இது? நாப்பது வருசமா கணக்கு சொல்லிக் குடுக்கறேன். எனக்கு முட்டையா? மறுபடி கூட்டு."

"சார், இதுல மார்க் ஏற ஏறத் தூக்கம் மோசம்னு அர்த்தம். சைபர்தான் பெஸ்ட்."

சார் முகம் மலர்ந்தது. "அப்ப நான்தான் ஃபர்ஸ்ட்டு" என்று என் பக்கம் திரும்பினார். திரும்பியவர் பாதியில் நின்றுவிட்டார்.

"சரோஜா, பதினாறா? நீ தூங்கறதே இல்லியா?"

"உங்க நெஞ்சுல அந்த ஸ்டென்ட்ட வெச்சதுலேர்ந்து இப்டித்தான். நீங்க கொறட்ட வுட்டுக்கினு இருந்தா தூங்குவேன். நின்னுச்சினா எழுந்து மூக்காண்ட கைய வெச்சிப் பாப்பேன்."

"ஒரு ராத்திரிக்கு எத்தினி வாட்டி?"

"எண்ணிக்கினா இருக்க முடியும்? ராத்திரி பூரா உங்க கொறட்டைய எண்ணிக்கினு கெடக்க நான் இன்னா பக்கத்து வூட்டு சாரா?"

என்னை இதில் இழுத்தது தேவையில்லாத பேச்சு. ஆனால் சார் சிரிக்கவில்லை. எனக்கு வந்த பதினொன்றைப் பற்றிக்கூட விசாரிக்கவில்லை.

மறுநாள் மதியம் சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் பம்புசெட் போலக் குறட்டை. எனக்குக் கவலையாகிவிட்டது. பகலில் கண்ணை மூடுகிற ஆள் இல்லை அவர். ஓடிப்போய் ஜன்னல் வழியே பார்த்தேன். கட்டிலில் சரோஜாம்மா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் சார், கண்களை அகல விழித்து, பையன்களின் விடைத்தாளைத் திருத்திக்கொண்டே சீராகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், குறட்டையை நிறுத்தாமலே, போய்விடும்படி சிவப்புப் பேனாவை ஆட்டினார்.

தினமும் இரண்டு மணி நேரம் இது நடக்கிறது. ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தபோது சரோஜாம்மாவுக்கு ஒன்பது. தெருவே அறியும்படி சார் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "ஏழு மார்க்கு கொறச்சிட்டேன்."

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய ஒற்றைக் கல் சுவர். மதியம் படுத்தால் அவர் விடுகிற குறட்டையை எண்ணாமல் என்னால் இருக்க முடிவதில்லை. இதுவரை ஒரு நாளும் நூறை எட்டியதில்லை, அதற்குள் தூங்கிவிடுகிறேன்.