என் மனைவியின் வலியை நான் மொழிபெயர்த்த கதை

என்னுடைய வெட்கத்துக்காக என் மனைவி மூன்று வருடம் வயிற்றுப்புண் குளிசை விழுங்கினாள். அவளுக்கு வயிற்றில் புண்ணே இருக்கவில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

சுகந்தி யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸிலுள்ள திரிம்பாக்குக்கு வந்த புதிதில் அவளுக்கு ஜெர்மன் தெரியாது. நானோ பத்து வருடம் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்தவன். ஜெர்மனில் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு. (கிழங்கு, சட்டி, ‘சூடு, தள்ளி நில்’ ஆகியவற்றில் உண்மையாகவே கெட்டிக்காரன்.)

மாதாமாதம் அவள் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். குடும்ப வைத்தியரிடம் கூட்டிப்போனேன்.

“பீரியட்ஸ் நாளிலதான் இப்பிடிக் குத்துது, டொய்லெட் போகேக்கையும் நோகுது எண்டு சொல்லுங்கோ,” என்றாள்.

வைத்தியருக்கு என் அப்பாவின் வயது. எனக்கு வாய் கூசியது. “வயிறு வலிக்கிறதாம்,” என்றேன். எப்போது என்று கேட்டார்.

“சாப்பிட்ட பிறகு.”

“என்னவாம்?” என்றாள் சுகந்தி.

“எல்லாம் சொல்லியாச்சு. குளிசை தருவாராம்.”

அடுத்த முறை உண்மையைச் சொன்னால் முதல் பொய் பிடிபட்டுவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் என் ஜெர்மனில் அவளைச் சாப்பிட வைத்தே வலிக்கச் செய்தேன். ஒருநாள் தொண்டைக்குள்ளால் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “நீங்கள் இல்லாட்டி இந்த நாட்டில நான் என்ன செய்வன்?” என்றாள் வெளியே வந்ததும்.

நான்காம் வருடம் ரயில் நிலையத்தில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பெண் மருத்துவர் ஒருவர் என்னை ஓரமாக இருக்கச் சொல்லிவிட்டு, தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைத்தார். ஒலிபெருக்கியில் ஒரு தமிழ்ப் பெண்ணின் குரல். சுகந்தி எல்லாவற்றையும் கொட்டினாள். மருத்துவர் பழைய கோப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ கேட்டார். குரல் ஈவிரக்கமின்றித் தமிழில் வந்தது:

“அண்ணை, சாப்பிட்ட பிறகு நோகுது எண்டு மூண்டு வருசமா ஏன் சொன்னனீங்கள் எண்டு டொக்டர் கேக்கிறா.”

சுகந்தி திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்புறத்தில் இருப்பது போன்ற திசு வெளியே வளர்ந்து குடலோடு ஒட்டியிருந்தது. சில நாள் கழித்து, அதே தொலைபேசிக் குரல் வழியாக, ரோபோ மூலம் அறுவைச் சிகிச்சை என்றார்கள். இழந்த மரியாதையை மீட்க நான் கேட்டேன்: “மெசின் தன்ரபாட்டில பிழையா வெட்டிப்போட்டால்?”

“அது தானாக எதுவும் செய்யாது. நான் அருகில் அமர்ந்து கையை அசைப்பதை அப்படியே செய்யும்,” என்றார் மருத்துவர்.

அது தமிழில் வந்ததும், நாள்கணக்கில் என்னோடு கதைக்காதவள் தொலைபேசியைப் பார்த்துச் சொன்னாள்:

“அப்ப மெசினை நம்பலாம். இவர்தான் ஒண்டைச் சொல்ல இன்னொண்டைச் செய்யிற ஆள்.”

(அந்தக் குரல் அதையும் மொழிபெயர்த்தது. மருத்துவர் சிரித்துவிட்டார்.)

சிகிச்சை நடந்த ஐந்து மணி நேரமும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருந்தேன். ஒரு சூலகத்தையும் (கருமுட்டைப் பை) எடுக்க வேண்டியதாயிற்று. முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மருத்துவர். அந்த ஜெர்மன் எனக்கு நன்றாகவே விளங்கியது. வலி பெரும்பாலும் போய்விட்டது. பிள்ளை கிடைக்கவில்லை. இதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். நான் சொல்வேன்.

இப்போது சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு நான் ‘ரோபோவிட்டத் தோத்த மாமா’. ஏன் அந்தப் பெயர் என்று இங்கே பிறந்த சின்னதுகள் கேட்கும். மாதவிடாயிலிருந்து சூலகம் வரை ஒரு சொல் விடாமல், சபை நடுவே, நல்ல ஜெர்மனில் சுகந்தி விளக்குவாள். எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரிக்கிறேன். பிறகு எழுந்துபோய்த் தேத்தண்ணி போடுகிறேன்.