விலாங்கு தேவதூதரான வரலாறு

பெர்ராரா, 1587, தவக்காலம் மூன்றாம் வாரம்.

கொமாக்கியோவில் இருக்கும் அன்புத் தம்பி தெயோபால்தோவுக்கு, பெரியப்பா மகன் மல்வெத்சோ ஆசீர்வதித்து எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கு அனைவரும் நலம். நீயும், உன் மனைவியும், ஊறுகாய்ப் பீப்பாய்களும் நலமா?

என் மகள் ஜினெவ்ராவை ஆல்தோப்ராந்தோ பிரபுவின் மகனுக்குக் கேட்டிருக்கிறார்கள். பிரபு வீட்டார் பெண் எடுப்பதென்றால் குலவரலாறு கேட்பார்களே என்று, சில்வெரியோ பாதிரியாரை வைத்து ஒன்று எழுதச் சொன்னேன். நம் குடும்பப் பெயரான ஆங்குயில்லா என்றால் விலாங்கு மீன் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். அவரோ, அது ஆஞ்சலோ, அதாவது தேவதூதர், நடுவில் எழுத்தர்கள் கை நடுங்கிவிட்டது என்று நிரூபித்துவிட்டார். விலாங்கு ஊறவைக்கும் உன் கிளைதான் இடித்தது. அது சிலுவைப் போரில், ஜெருசலேம் மதிலடியில், ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே பூண்டோடு மாண்டதாக எழுதினார். ஆகவே தம்பி, நீ பிறக்கவே இல்லை. மனதில் வைத்துக்கொள்ளாதே, மிகக் கௌரவமான சாவு.

நேற்று பிரபு மாளிகையில் அதை வாசித்தோம். பாதிரியார் மதிலடிக்கு வந்ததும் என் மனைவி கண்ணீர்கூட விட்டாள். பிரபு மட்டும் கொட்டாவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "கொமாக்கியோவுல விலாங்கு ஊறுகாய் போடுறவர் உங்க சொந்தம்னு சொன்னாங்களே?"

"இல்லீங்க பிரபு, அந்தக் கிளையில இப்ப ஒருத்தரும் இல்லீங்க" என்றேன்.

"என்னப்பா சொல்றீங்க? தெயோபால்தோ சித்தப்பா போன கிறிஸ்துமஸுக்குப் பீப்பாயோட வந்தாரே!" என்றாள் ஜினெவ்ரா.

பாதிரியார் அசரவில்லை. "ஆவியா வந்திருப்பார், மகளே."

"ஆவி ரெண்டு தட்டு சாப்பிடுமா சாமி?"

பிரபு எழுந்து உள்ளே போய்விட்டார். நாங்கள் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பினோம். ஜினெவ்ரா அழுதுகொண்டே, "பொய் சொல்லித்தான் கட்டிக்கொடுக்கணும்னா எனக்கு வேணாம்ப்பா" என்கிறாள். நானோ இன்னும் நம்பிக்கையை விடவில்லை. ஆனதால் ஈஸ்டருக்குப் பின் கல்யாணம் நடந்தால் நீ வராதே, பீப்பாயும் அனுப்பாதே, தெருவில் என்னைப் பார்த்தாலும் தெரிந்ததாகக் காட்டாதே. உன் குடும்பத்துக்குச் சகல புனிதர்களும் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
மல்வெத்சோ தெலி ஆஞ்சலி (அதாவது, தேவதூதர் குலம்)

பின்குறிப்பு: முத்திரை வைக்கும்போது பிரபுவே வந்துவிட்டார். உங்கள் ஊரில் விலாங்கு பிடிக்கும் கழிமுகத்து ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறாராம். "தேவதூதர் எங்க குலவரலாற்றுலயே ஏழு பேர் இருக்காங்க, விலாங்கு தெரிஞ்சவன் ஒருத்தன்கூட இல்ல. உங்க தம்பி வந்தாத்தான் கல்யாணம்" என்கிறார். தம்பி, உடனே பிறந்து வா. கையைக் கழுவிக்கொள்ளாதே, வாசனையை முகர்ந்து பார்த்துத்தான் நம்புவாராம்.